அமெரிக்கக் கன்சர்வேட்டிவ்களுக்கு டிவி மேலயும் வாஷிங்டன் மேலயும் ஏன் இவ்வளவு சந்தேகம்? சேலம் வாசகர் கூட்டத்துக்குக் குறிப்பு வேணும்

அஸ்தம்பட்டி_வாசகர்

சேலத்துல மாசம் ஒரு ஞாயிறு நடக்கிற வாசகர் கூட்டத்துக்கு அடுத்த தலைப்பு இது. ஒன்றரை மணி நேரம், முப்பது பேர். பாதிப் பேரோட பிள்ளைங்க டெக்சாஸ், நியூ ஜெர்சி, பென்சில்வேனியான்னு இருக்காங்க. குரூப்புல வர்ற ஃபார்வர்டு ரெண்டே ரகம். "அங்க ஸ்கூல்ல சாமி பேரைச் சொன்னாலே குத்தம், குடும்பம்னு ஒண்ணே இல்லை"ங்கிறது ஒரு ரகம். "டிவிக்காரன் சொல்றது அத்தனையும் பொய், ராத்திரியோட ராத்திரியா ஓட்டை மாத்திட்டான்"ங்கிறது இன்னொரு ரகம்.

கட்சிச் சண்டை வேண்டாம். இந்த அவநம்பிக்கை எங்கிருந்து கிளம்புச்சு, எதுக்கு ஆதாரம் நிக்குது, எது கோர்ட்டுல உதிர்ந்துபோச்சு, ஒரு வீடியோ வந்தா கூட்டத்துல வெச்சே எப்படிச் சோதிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. நவம்பர் 2026 இடைத்தேர்தலுக்கு முன்னாடி நடத்தணும்.

ஏற்காடு_மிளகு

முதல்ல நோட்டீஸ்ல ஒரு திருத்தம். "இடைத்தேர்தல்"னு அச்சடிச்சுடாதீங்க. நம்ம ஊர்ல எம்.எல்.ஏ. போய்ச் சேர்ந்தா வர்றதுதான் இடைத்தேர்தல். 2026 நவம்பர் 3 அங்க நடக்கிறது மிட்டெர்ம். அதிபரோட நாலு வருஷத்துக்கு நடுவுல கீழ்ச்சபையின் 435 இடத்துக்கும் செனட்டில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்குக்கும் நடக்கிற தேர்தல். "இடைக்காலத் தேர்தல்"னு போட்டா யாரும் குழம்ப மாட்டாங்க.

அடுத்து, கன்சர்வேட்டிவுக்குத் தமிழ்ல போடற "பழமைவாதி"ங்கிற சொல். அதைக் கேட்டதும் நம்ம ஆளுக்கு மடி, ஆசாரம்னு ஒரு படம் ஓடும். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் காப்பாத்த நினைக்கிறது ராஜா காலத்து ஒழுங்கை இல்லை. ராஜாவை விரட்டிட்டு 1787-ல எழுதின அரசியல் சட்டத்தை. அவருடைய சந்தேகமே தூரத்தின் மேலதான்: முடிவு எடுக்கிறவன் என் ஊரைப் பார்த்திராத, என்னால மாத்த முடியாத ஓர் இடத்துல உட்கார்ந்திருக்கான். அது வாஷிங்டன் அதிகாரியா இருக்கலாம், நியூயார்க் டிவி ஆசிரியரா இருக்கலாம், கலிபோர்னியா ஆப் கம்பெனியா இருக்கலாம். இந்த நூலைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால கோர்வையா வரும்.

சேலத்துல இதை விளக்க ராஜாஜியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1917-ல சேலம் நகராட்சித் தலைவர். 1959-ல சுதந்திராக் கட்சி. ஒருத்தன் ஆலை வைக்கலாமா, எத்தனை டன் எடுக்கலாம்னு டில்லி தீர்மானிக்கிற லைசென்ஸ்-பர்மிட் ராஜை எதிர்த்து ஆரம்பிச்சது. 1967-ல 44 எம்.பி.யோட மக்களவையில பெரிய எதிர்க்கட்சி. அதே ராஜாஜிதான் 1937 அக்டோபர் 1-ல முதன்முதலா சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். வியாபாரத்துல அரசாங்கம் கை வைக்கக் கூடாது, ஆனா கள்ளுக்கடையை மூடணும். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ்கிட்டயும் இதே ரெட்டைப் பிடி உண்டு. கூட்டத்துல யாராவது அதை முரண்பாடுன்னு கேட்பாங்க. முரண்பாடுதான், ஒத்துக்கிட்டு நகர்ந்துடுங்க.

பத்திரிகை மேல கோபம் ட்ரம்ப்போட ஆரம்பிக்கலை. 1964-ல இருந்து ஆரம்பிங்க. குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். "ஃபாக்ட்"னு ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டது: இவர் அதிபராக மனநிலைத் தகுதி உள்ளவரா? திரும்பி வந்த பதில் 2,417. அதுல "தகுதியில்லை"ன்னவங்க 1,189 பேர். அட்டையில வந்தது இந்தக் கடைசி எண் மட்டும். கடிதம் கிடைச்சவங்கள்ல இது பத்து சதவீதம்கூட இல்லை. பதில் போட்டவங்களும் அவரை எதிர்ல உட்காரவெச்சுப் பரிசோதிச்சு எழுதலை. அவர் வழக்குப் போட்டார், ஜெயிச்சார். நஷ்டஈடு 1 டாலர், தண்டனையா 75,000 டாலர். நேர்ல பரிசோதிக்காத பொது மனிதரைப் பத்தி வாய் திறக்கக் கூடாதுன்னு மனநல மருத்துவர் சங்கம் 1973-ல விதியே போட்டது. 12,356, 2,417, 1,189, இந்த மூணு எண்ணையும் போர்டுல எழுதி, "தலைப்பு எதை மறைச்சது?"ன்னு கேளுங்க. பத்து நிமிஷம் அதுலயே ஓடும், ஓடட்டும்.

பிறகு 1969. நவம்பர் 3 ராத்திரி அதிபர் நிக்சன் வியட்நாம் பத்திப் பேசி முடிச்ச உடனே டிவி விமர்சகர்கள் அதைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. பத்து நாள் கழிச்சு டெ மாயின் ஊர்ல துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, நியூயார்க்லயும் வாஷிங்டன்லயும் இருக்கிற, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு சின்னக் கூட்டம் நாடு என்ன நினைக்கணும்னு முடிவு பண்ணுதுன்னு தாக்கினார். இன்னிக்குக் கேட்கிற புகாரோட அச்சு அதுதான். (அந்த ஆக்னியூ 1973-ல வரி ஏய்ப்பு வழக்குல பதவியை விட்டுட்டுப் போனார். புகார் சொன்னவர் யோக்கியமான்னு பார்க்கிறது வேற, புகார் சரியான்னு பார்க்கிறது வேற.)

2000 அதிபர் தேர்தல், புளோரிடா. அந்த மாநிலத்தோட மேற்கு ஓரம் ஒரு மணி நேரம் பின்தங்கின கடிகாரத்துல இருக்கு, கன்சர்வேட்டிவ் ஓட்டு அதிகம். அங்க இன்னும் பூத்து மூடலை. அதுக்குள்ள டிவிக்காரங்க அல் கோர் ஜெயிச்சார்னு அறிவிச்சாங்க, வாபஸ் வாங்கினாங்க, நடுராத்திரி தாண்டி குடியரசுக் கட்சி புஷ்னு சொன்னாங்க, அதையும் வாபஸ் வாங்கினாங்க. கடைசி வித்தியாசம் 537 ஓட்டு. 2004-ல சிபிஎஸ் டிவி புஷ்ஷோட ராணுவ சேவை பத்தி 1970-கள்ல டைப் அடிச்சதுன்னு காகிதம் காட்டினது. எழுத்து இடைவெளி கம்ப்யூட்டர்ல வேர்டுல அடிச்ச மாதிரி இருக்கேன்னு வலைப்பதிவர்கள் அன்னிக்கே பிடிச்சாங்க. காகிதம் உண்மைன்னு நிரூபிக்க முடியாம சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டது.

2020 அக்டோபர் 14, அதிபர் வேட்பாளர் ஜோ பைடனோட மகன் ஹன்டரோட லேப்டாப்புல இருந்த மின்னஞ்சல்கள் பத்தி நியூயார்க் போஸ்ட் பத்திரிகையில செய்தி. ட்விட்டர் அந்த நியூயார்க் போஸ்ட் இணைப்பையே பகிர விடாம அடைச்சது. அஞ்சு நாள் கழிச்சு 51 முன்னாள் உளவு அதிகாரிகள் இதுல ரஷ்ய வாடை அடிக்குதுன்னு கடிதம் போட்டாங்க. 2022-ல பெரிய பத்திரிகைகளே அந்த மின்னஞ்சல்கள்ல பலவற்றை உண்மைன்னு உறுதி செஞ்சாங்க. 2024 ஜூன்ல ஹன்டர் மேல நடந்த வழக்குல அரசுத் தரப்பே அந்த லேப்டாப்பைச் சான்றா வெச்சது. அவநம்பிக்கைக்கு ஆதாரம் கேட்டா இந்த வரிசை போதும்.

காலப் கருத்துக்கணிப்புல, பத்திரிகைகள் மேல ஓரளவாவது நம்பிக்கைன்னு சொன்னவங்க 1976-ல 72%. 2024-ல 31%. அதுல குடியரசுக் கட்சிக்காரங்களை மட்டும் எடுத்தா 12%.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா

இவ்வளவு தூரம் போவானேன். 1987-ல ரேகன் ஆட்சியில, ரெண்டு தரப்பையும் சொல்லணும்ங்கிற "ஃபேர்னஸ் டாக்ட்ரின்" விதியைத் தூக்கினாங்க, ஃபாக்ஸ் நியூஸ் வந்துச்சு, கதை முடிஞ்சது.

செவ்வாய்ப்பேட்டை_பேரேடு

ரவுண்டானா சொன்னதுல பாதிதான் சரி. அந்த விதி 1949-ல வந்தது. அலைவரிசை லைசென்ஸ் வாங்கின ரேடியோ, டிவி நிலையங்களுக்கு மட்டும் செல்லும். ஃபாக்ஸ் நியூஸ் கேபிள் சேனல். 1996 அக்டோபர் 7-ல வந்தப்போ விதி இருந்திருந்தாலும் அதைக் கட்டிப்போட்டிருக்காது. 1987-னால நேரா மாறினது ஏ.எம். ரேடியோ. பாட்டு கேட்கிறவங்க எஃப்.எம்.முக்குப் போயிட்டாங்க, ஏ.எம். நிலையங்கள் காத்து வாங்கிட்டு இருந்துச்சு. 1988 ஆகஸ்ட்ல கன்சர்வேட்டிவ் பேச்சாளர் ரஷ் லிம்பாவோட மதியப் பேச்சு நாடு முழுக்கக் கிளம்புச்சு. லாரி ஓட்டுறவர், பட்டறையில வேலை செய்யறவர் காதுல தினம் மணிக்கணக்குல. மறுதரப்புக்கு நேரம் ஒதுக்கணும்ங்கிற பயம் நிலையத்துக்கு இல்லை. சந்தேகத்தையே சரக்கா விக்கலாம்னு அப்பதான் கணக்குப் புரிஞ்சது.

சரக்குன்னா கலப்படமும் வரும்ல. 2020 தேர்தலுக்குப் பிறகு டொமினியன் கம்பெனியோட ஓட்டு எந்திரங்கள் ஓட்டை மாத்துச்சுன்னு ஒளிபரப்பினதுக்காக ஃபாக்ஸ் 2023 ஏப்ரல்ல 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் பண்ணிக்கிச்சு. வழக்குல வெளிவந்த உள்செய்திகள்ல, காமெராவுக்கு முன்னாடி இடம் கொடுத்த கதையை அங்கிருந்தவங்களே தங்களுக்குள்ள நம்பலைன்னு தெரிஞ்சது. மிளகு போட்ட வரிசையோட இதையும் ஒட்டிக்கோங்க, இல்லைன்னா கூட்டம் ஒரு பக்கம் சாயும்.

இப்ப ஓட்டு எண்ணிக்கை. நம்மாளுங்க குழம்புறதுக்குக் காரணம், நம்ம தேர்தல் ஆணையத்தை மனசுல வெச்சுக்கிட்டுப் பார்க்கிறது. அங்க அப்படி ஒண்ணே இல்லை. பேர்ல "தேர்தல் ஆணையம்" வர்ற கூட்டரசு அமைப்பு பிரசாரப் பணக் கணக்கு மட்டும்தான் பார்க்கும். தேர்தலை நடத்துறது கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி), சில மாநிலத்துல டவுன்ஷிப்பு (ஊராட்சி மாதிரி). இங்க பெட்டியைப் பூட்டி வெச்சு, நாள் குறிச்சு, காலை 8 மணிக்குத் தபால் ஓட்டுல ஆரம்பிச்சு, தேர்தல் அதிகாரி அறிவிப்பார். அங்க ராத்திரியே ஆளை "அறிவிக்கிறது" செய்தி நிறுவனங்கள். அது கணிப்பு, சட்டப்படி முடிவு இல்லை. டிவியை நம்பாத ஆளுக்கு டிவியே முடிவு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

"ராத்திரியோட ராத்திரியா மாறினது" எப்படின்னா, பென்சில்வேனியாவுல தபால் உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னாடி பிரிக்கவே சட்டம் விடாது. உறையைப் பிரி, உள்ளுறையை எடு, மடிப்பை நிமிர்த்து, எந்திரத்துல போடு. லட்சக்கணக்குல இருந்தா நாள் கணக்காகும். புளோரிடாவுல பல நாள் முன்னாடியே இந்த வேலையைத் தொடங்கிடலாம், அதனால ராத்திரியே எண்ணிக்கை வந்துடும். 2020-ல ட்ரம்ப் தன் ஆளுங்களை நேர்ல போய்ப் போடச் சொன்னார், பைடன் பக்கம் தபால்ல போட்டாங்க. நேர்ல போட்டது முதல்ல எண்ணப்பட்டுச்சு, தபால் பிறகு. மில்வாக்கி மாதிரி ஊர்ல தபால் ஓட்டு மொத்தத்தையும் ஒரே இடத்துல எண்ணி, விடியறதுக்கு முன்னாடி ஒரே தடவையா ஏத்தினாங்க. கிராஃபுல அது செங்குத்துப் படிக்கட்டா தெரியும். ஃபார்வர்டுல வர்ற படம் அதுதான்.

நிஜமாவே தப்பு நடந்த இடத்தையும் காட்டுங்க. மிச்சிகன்ல ஆன்ட்ரிம் கவுன்டி, குடியரசுக் கட்சிக் கோட்டை. முதல் ராத்திரி பைடன் முன்னிலைன்னு வந்துச்சு. சில டவுன்ஷிப்புல வாக்குச்சீட்டைக் கடைசி நேரத்துல திருத்தினாங்க, ஆனா எல்லா எந்திரத்தோட மெமரி கார்டையும் புதுப்பிக்கலை. ஒரு வரி நகர்ந்து, ஒருத்தர் ஓட்டு இன்னொருத்தர் கட்டத்துல விழுந்துச்சு. பேரேட்டுல ஒரு வரி தள்ளிப் பதிஞ்ச மாதிரி. மறுநாளே பிடிச்சாங்க. டிசம்பர்ல ஒவ்வொரு காகிதச் சீட்டையும் கையால எண்ணினதுல, திருத்தின கணக்குக்கும் கை எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வெறும் 12 ஓட்டு. ஜெயிச்சது ட்ரம்ப். சந்தேகப்பட்டது நியாயம், காகிதம் இருந்ததால அது தீர்ந்துச்சு. 2020 தேர்தலை எதிர்த்து "60-க்கு மேல வழக்கு, எதையும் விசாரிக்கலை"ன்னு சொல்றதும் முழுசா சரியில்லை. வழக்குப் போடத் தகுதியில்லைன்னு பல தள்ளுபடி ஆச்சு, அந்த மனக்குறை நிஜம். ஆனா குற்றச்சாட்டையே எடைபோட்டு நிராகரிச்சதும் உண்டு. பென்சில்வேனியா மேல்முறையீட்டுல அப்படி எழுதினது ட்ரம்ப்பே நியமிச்ச நீதிபதி ஸ்டெஃபனோஸ் பீபஸ்.

வாஷிங்டன் மேல கோபத்துக்கு ரெண்டு உதாரணம். நிதியாண்டு அக்டோபர் 1-ல ஆரம்பிக்குது, அதுக்குள்ள 12 செலவு மசோதா தனித்தனியா வரணும். வராது. கடைசியில எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டுவாங்க. 2022 டிசம்பர் மூட்டை 4,155 பக்கம், சில நாள்ல ஓட்டெடுப்பு. யார் படிச்சிருப்பாங்க? ரெண்டாவது, ஹெர்ரிங் மீன் படகு. படகுல ஏறி மீன் கணக்குப் பார்க்கிற கண்காணிப்பாளருக்குக் கூலியையும் படகுக்காரனே கொடுக்கணும்னு ஒரு துறை விதி போட்டது, நாளுக்கு 710 டாலர் வரை. காங்கிரஸ் (அதாவது அவங்க நாடாளுமன்றம்) போட்ட சட்டத்துல அப்படி வெளிப்படையா இல்லை. சட்டம் தெளிவா இல்லாத இடத்துல துறை சொல்ற அர்த்தத்தை நீதிமன்றம் ஏத்துக்கணும்னு 1984-லிருந்து இருந்த வழக்கத்தை, 2024 ஜூன்ல உச்ச நீதிமன்றம் இந்த மீனவர் வழக்குல தூக்கி எறிஞ்சது. பர்மிட் ராஜைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மலைப்பாதை_20வது_வளைவு

வாழ்க்கை முறைப் பகுதியை நான் எடுத்துக்கறேன். சாமி ஃபார்வர்டு முதல்ல. 1962-ல தடை ஆனது, நியூயார்க் மாநிலக் கல்வி வாரியமே எழுதிக்கொடுத்த 22 வார்த்தைப் பிரார்த்தனையைப் பள்ளி நடத்துறது. பிள்ளை தானா கண்ணை மூடிக் கும்பிட்டா எந்தச் சட்டமும் தடுக்கலை. ஆட்டம் முடிஞ்சதும் மைதானத்துல மண்டியிட்ட பயிற்சியாளர் பக்கம் 2022-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்தது. ஆனா 1962-ல பக்திமான்களுக்கு அது ஒரு இடி. பள்ளிக்கூடம் நம்ம கையை விட்டுப் போச்சுங்கிற எண்ணம் அங்கதான் கெட்டியாச்சு.

வீட்டுப் பள்ளியைப் பத்திக் கட்டாயம் பேசுங்க. 50 மாநிலத்துலயும் சட்டப்படி செல்லும், ஆனா பிடி ஊருக்கு ஊர் வேற. டெக்சாஸ்ல அரசாங்கத்துக்குச் சொல்லவே தேவையில்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகன் பாடம், இந்த அஞ்சும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்துல இருந்தாப் போதும். நியூயார்க்ல ஜூலை 1-க்குள்ள அறிவிப்பு, பிறகு வருஷத் திட்டம், காலாண்டுக்கு ஓர் அறிக்கை, ஆண்டு முடிவுல மதிப்பீடு. ஆறாவது வரை வருஷம் 900 மணி நேரம், அதுக்கு மேல 990. அம்மா வேலையை விடணும்ங்கிறதுதான் நடைமுறையில இடிக்கிற இடம். ஒத்தச் சம்பளத்துல வீட்டுக் கடனும் மருத்துவக் காப்பீடும் கட்டி மாளாது. குடும்பத்தைக் காப்பாத்தணும்னு பேசுறவங்க சம்பளம், வாடகை பத்திப் பேச மாட்டேங்கறாங்கன்னு கன்சர்வேட்டிவ்களுக்குள்ளயே இப்ப சண்டை.

ஆமிஷ் வீடியோ வந்தா உஷார். குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி போட்டு "இதுதான் கன்சர்வேட்டிவ் அமெரிக்கா"ன்னு வரும். அவங்க தனி மதக் குழு. எட்டாவதுக்கு மேல பிள்ளையை அனுப்பலைன்னு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல ஜெயிச்சாங்க. குடியரசுக் கட்சிக்காரரோ நம்ம கையில இருக்கிற அதே போனைத்தான் வெச்சிருக்கார். போன் மேல சந்தேகம் இப்ப ரெண்டு கட்சிக்கும் பொது, வகுப்பு நேரத்துல போனைத் தடுத்து முதல்ல மாநிலச் சட்டம் போட்டது 2023-ல புளோரிடா. சாப்பாட்டுலயும் அதே கதை. சாயப்பொருள், பாக்கெட் தீனி எதிர்ப்பு ஒரு காலத்துல இடதுசாரி சங்கதி, இப்ப வலதுசாரிக் கோஷம். ரெட் 3 சாயத்தை உணவுல தடை பண்ண உத்தரவு வந்தது 2025 ஜனவரி, பைடன் ஆட்சியோட கடைசி வாரத்துல. ட்ரம்ப் தடை பண்ணார்னு ஃபார்வர்டு வந்தா தேதியைப் பார்க்கச் சொல்லுங்க.

மதுவிலக்கு பேச்சு வந்ததால ஒண்ணு: ஜாக் டேனியல்ஸ் விஸ்கி காய்ச்சுற டென்னசி மூர் கவுன்டி இன்னும் சாராயம் விக்கத் தடையுள்ள "வறண்ட" கவுன்டிதான். ஆலையில நினைவுப் பாட்டில் வாங்க விலக்கு உண்டு. கூட்டம் தூங்குற நேரத்துக்கு வெச்சுக்கோங்க.

அஸ்தம்பட்டி_வாசகர்

அள்ளிக் கொடுத்துட்டீங்க, நன்றிங்க. ராஜாஜியிலயே தொடங்கிடறேன். வீடியோ சோதனை மட்டும் யாராவது படிப்படியா சொல்லுங்க. புரொஜெக்டர் இருக்கு, நெட் இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை_பேரேடு

கொலுசு வாங்கினா வெள்ளி எத்தனை டச் (எவ்வளவு சுத்தம்)னு கேட்காம வாங்குவோமா? அதே மாதிரிதான். பேசுறவர் முகம் தெளிவா தெரியற இடத்துல வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க. பழைய தேதியில அதே படம் வந்தா வேலை அங்கேயே முடிஞ்சது. வரலைன்னா பேரையும் மாசத்தையும் சி-ஸ்பேன் தளத்துல தேடுங்க. 1987-லிருந்து காங்கிரஸ் விவாதம் வெட்டாம இருக்கு, கீழேயே எழுத்து வடிவமும் ஓடும். வெட்டின வாக்கியத்துல ஒரு அபூர்வமான சொல்லை எடுத்து எழுத்துல தேடி, அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியிலிருந்து போட்டுக் காட்டுங்க. எதிராளி சொன்னதை எடுத்துச் சொல்லி மறுக்கிற இடத்துலதான் பெரும்பாலும் கத்தரி விழுந்திருக்கும்.

"சட்டம் போட்டுட்டான்"னு வந்தா காங்கிரஸ் டாட் கவ் தளத்துல மசோதா எண்ணைப் போடுங்க. "அறிமுகம்" நிலையிலேயே நின்னா அது சட்டம் இல்லை. ரெண்டு வருஷத்துல பத்தாயிரத்துக்கு மேல போடுவாங்க, தேறுறது சில நூறு. மாநிலச் சட்டம்னா அந்தத் தளத்துல இருக்காது, அந்தந்த மாநிலச் சட்டசபைத் தளத்துக்குப் போகணும். இங்கதான் நிறையப் பேர் "தேடினேன், இல்லை, அப்ப பொய்"ன்னு வழுக்கி விழறாங்க. கோர்ட்டு சமாசாரம்னா, கையில இருக்கிறது மனுவா தீர்ப்பான்னு முதல் பக்கத்தைப் பாருங்க. மனுவுல யார் வேணா என்ன வேணா எழுதலாம்.

அஸ்தம்பட்டி_வாசகர்

நவம்பர் 4 காலையில சிலர் டிவி முன்னாடி உட்காருவாங்க. எத்தனை மணிக்கு என்ன தெரியும்?

ஏற்காடு_மிளகு

பென்சில்வேனியாவுல பூத்து மூடுறது அவங்க நேரம் ராத்திரி 8, நமக்குப் புதன் காலை 6.30. புளோரிடாவோட மேற்கு ஓரமும் அதே நேரம்தான் மூடும். ஏழு மணிக்கு எவனாவது "முடிஞ்சது"ன்னு போட்டா காபியைக் குடிச்சிட்டு வேலையைப் பாருங்க. கலிபோர்னியாவுல மூடவே நமக்குக் காலை 9.30 ஆயிடும். அங்க தேர்தல் நாள் தபால் முத்திரை விழுந்த உறை பிறகு வந்து சேர்ந்தாலும் சில நாள் வரை எடுத்துக்கற வழக்கம் உண்டு. கீழ்ச்சபை இடம் சிலது வாரக்கணக்குல இழுக்கும்.